திருப்பி அனுப்பிய தேநீர்

சகாயிங் மலை, தியான மடம்
வாஸோ மாத அமாவாசை, 1983

அன்புள்ள மா சோ யின்னுக்கு,

உன் புருஷன் ஓன் மௌங் எழுதுவது. நான் இங்கே எல்லா உறுப்புகளோடும் சௌக்கியமாக இருக்கிறேன். நீயும் உன் தங்கை ந்வேயும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடை அடுப்பு புகைகிறதா? புகைந்தால் பின்பக்கத்துத் தகரத்தைக் கொஞ்சம் தூக்கிவிடு.

போய்ச் சேர்ந்ததும் எழுதவில்லை என்று திட்டியிருப்பாய். இங்கே பேசக் கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் மட்டும் வீட்டுக்கு எழுதலாம் என்று மடத்துப் பெரிய பிக்குவான ஸயாதோ தயவு பண்ணியிருக்கிறார். அரிசி ஏற்றி வருகிற படகுக்காரரிடம் கொடுத்தால் அவர் பகோக்குத் துறையில் சேர்த்துவிடுவார்.

முதல் வாரம் ஓடிவந்துவிடலாம் போலிருந்தது. விடியுமுன்னே மணியடித்து எழுப்பிவிடுகிறார்கள். நடுப்பகலுக்குமேல் சோறு இல்லை. வெற்றிலை அறவே இல்லை. வேலை என்ன தெரியுமா? நடப்பது. காலைத் தூக்கும்போது "தூக்குகிறேன்" என்று மனசுக்குள் சொல்ல வேண்டும். நகர்த்தும்போது "நகர்த்துகிறேன்". வைக்கும்போது "வைக்கிறேன்". கோபம் வந்தால் "கோபம், கோபம்" என்று சொல்லிவிட்டு, அது என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பேரன் எடுக்கிற வயசில் நடக்கப் பழகுகிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்தால் "சிரிப்பு" என்று சொல்ல வேண்டுமாம்.

ஆனால் நேற்றுக் காலை ஒன்று நடந்தது. வேகவைத்த பட்டாணி போட்டார்கள். நம் தெருவில் தலையில் கூடையோடு கூவிக்கொண்டு போவார்களே, அதே பட்டாணிதான். ஒன்றை வாயில் போட்டு மெதுவாக மென்றேன். முதலில் உப்பு. அப்புறம் மாவு. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது அடியிலிருந்து ஒரு இனிப்பு வந்தது சோ யின்! பிறந்ததிலிருந்து தின்கிறேன், பட்டாணி இனிக்கும் என்று எனக்குத் தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ரயில்வேக்காரர் பல்வலி என்று நினைத்துக் கிராம்பு எடுத்துக் கொடுத்தார்.

அந்த நில அளவை எழுத்தர்மேல் நான் கோப்பையை வீசின அன்று, "இது மாத்திரைக்கு அடங்குற ரத்தக் கொதிப்பு இல்ல, மலைக்குப் போய் மனச ஆத்திக்கிட்டு வாங்க" என்று மூட்டை கட்டித் தந்தவள் நீதான். நல்லதுதான் செய்தாய்.

இப்படிக்கு,
பட்டாணி தின்னக் கற்றுக்கொண்ட உன்
ஓன் மௌங்


பகோக்கு, ஆற்றுத்துறைத் தெரு
வாகவுங் மாதம், வளர்பிறையில்

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரருக்கு,

சோ யின் வணங்கி எழுதுவது. கடிதம் வந்தது. ந்வே சத்தமாகப் படித்தாள், நான் கோப்பை கழுவிக்கொண்டே கேட்டேன்.

பட்டாணி இனிக்கும் என்பது இந்த ஊரில் உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நீங்கள் எங்கே மென்றீர்கள்? ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் பட்டாணி, அப்படியே விழுங்குவதுதானே. போகட்டும், இப்போதாவது தெரிந்ததே. அடுத்து நெருப்பு சுடும் என்று எழுதுவீர்களோ என்று ந்வே கேட்கிறாள். சின்ன வாய்தான், ஆனால் நீளம்.

கடைக்கு டீ கலக்க கோ ஸின் என்று ஒருத்தரை வைத்திருக்கிறேன். நல்ல மனுஷன், வாடிக்கையாளரைப் பார்த்தால் சிரிக்கிறார், அதிர்ந்து பேச மாட்டார். ஆனால் கலக்குவது டீ இல்லை, பாத்திரம் கழுவின தண்ணீர். தெருமுனை மேசையில் உட்காருகிற ரிட்டயர்டு வாத்தியார் உ மியா ஒரு வாய் குடித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "ஓன் மௌங் கோவத்தோட கலக்குற டீ, இவன் அன்போட கலக்குறதுக்கு எவ்வளவோ தேவலாம்மா!" அந்த நில அளவை எழுத்தர்கூட நேற்று வந்து, நீங்கள் எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். நெற்றிக் காயம் ஆறிவிட்டது.

நீங்கள் போனதிலிருந்து கடையில் ஒரு கோப்பைகூட உடையவில்லை. சும்மா சொல்கிறேன்.

மழைக்காலம் முடிந்து தடிஞ்சூட் விளக்குத் திருவிழாவுக்குள் வந்துவிடுங்கள். வெற்றிலை இல்லாமல் இருக்கிறீர்கள் என்பது மட்டும் நம்ப முடியவில்லை.

இப்படிக்கு,
சோ யின்


சகாயிங் மலை
வாகவுங் மாதப் பௌர்ணமி

அன்புள்ள சோ யின்,

இந்தக் கடிதத்தை ந்வே படிக்க வேண்டாம். நீயே எழுத்துக்கூட்டிப் படி.

சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. மழைக்காலம் முடிந்ததும் இங்கேயே தலையை மழித்துத் துவராடை உடுத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஒரு மாசம் இரண்டு மாசம் உடுத்திக் கழற்றுகிற காவி இல்லை. கடைசிவரை. ஸயாதோவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டம்மா சம்மதிச்சாங்களா?" என்பதுதான். அதனால் உன்னிடம் கேட்கிறேன். சம்மதம் கொடு.

கோபித்துக்கொள்ளாதே, காரணத்தைச் சொல்கிறேன். இங்கே ஒவ்வொரு நாளும் எனக்குப் புதுசாக இருக்கிறது. கிணற்று வாளியின் கயிறு கையில் ஈரமாகப் படும்போது, இதற்கு முன்னால் கயிற்றைத் தொட்டதே இல்லை போலிருக்கிறது. எறும்பு ஒன்று என் கால் கட்டைவிரலைச் சுற்றிப் போவதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது சோ யின். இந்த வார்த்தையை நான் உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்?

கடையில் எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. எல்லாம் தெரிந்ததுதான். யார் வருவான், என்ன கேட்பான், எந்த மேசைக்கால் ஆடும், எல்லாம் அத்துபடி. கண்ணை மூடிக்கொண்டு அறுபது பேருக்கு அறுபது விதமாகக் கலக்குவேன். நம் வீடும் அப்படித்தான். உன்னைப் பற்றியும் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. நல்லவள், கெட்டிக்காரி, நான் இல்லாமலும் கடையை நடத்துவாய். பெண்ணையும் மாண்டலேயில் கட்டிக் கொடுத்தாயிற்று. தெரிந்த இடத்தில் மனசு தூங்கிப்போகிறது, விழித்தால் கோபத்தில்தான் விழிக்கிறது.

நன்றாக யோசித்து எழுது. "சம்மதம்" என்று ஒரு வார்த்தை போதும்.

உன்
ஓன் மௌங்


பகோக்கு
வாகவுங் மாதம், தேய்பிறையில்

என் வீட்டுக்காரருக்கு,

யோசிக்கவே வேண்டியதில்லை. படித்ததும் அடுப்பில் போடத்தான் நினைத்தேன். ஈரக் கையில் பிடித்திருந்ததால் எரியாது என்று வைத்துவிட்டேன்.

நன்றாக இருக்கிறது ஐயா நியாயம்! எறும்பு உங்கள் கட்டைவிரலைச் சுற்றினால் அதிசயம், நான் இத்தனை வருஷம் உங்களைச் சுற்றியது அத்துபடியா? கிணற்றுக் கயிறு ஈரமாம். எங்கள் கிணற்றுக் கயிறு என்ன காய்ந்தா கிடந்தது? நீங்கள் என்றைக்காவது தண்ணீர் இறைத்திருந்தால்தானே தெரியும்.

என்னைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லையா? இதைப் படித்ததும் அழுகை வந்தது, மறைப்பானேன். அழுதுகொண்டே பதினைந்து மேசையையும் துடைத்தேன். உ மியா வாத்தியார், "என்னம்மா, கோ ஸின் டீயைக் குடிச்சிட்டியா?" என்று கேட்டார். சிரித்துத் தொலைத்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். பெண்டாட்டி சம்மதம் இல்லாமல் எந்த ஸயாதோவும் உங்கள் தலையில் கத்தி வைக்க மாட்டார். சம்மதம் என் கையில் இருக்கிறது. கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. முதலில் நீங்கள் வந்து கடையை நடத்துங்கள், அங்கே எப்படி இருக்கிறீர்களோ அப்படியே. தூக்குகிறேன், வைக்கிறேன் எல்லாம் இங்கேயும் செய்யலாம், யாரும் தடுக்கவில்லை. நம் இடத்தில் கால் ஊன்ற முடியாத புதுமை மலையில் மட்டும் வேலை செய்கிறது என்றால் அது காற்று மாற்றம், அவ்வளவுதான். அதுவரை உங்கள் பாயில் நான் போய் உட்காருகிறேன். அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் பார்க்க வேண்டாமா? பெண்கள் பக்கத்தில் இடம் இருக்கிறதாம், படகுக்காரரிடம் விசாரித்துவிட்டேன்.

தடிஞ்சூட்டில் நான் இறங்கி வரும்போது கேளுங்கள். அப்போது சொல்கிறேன்.

கோ ஸின்னை நிறுத்தியாயிற்று. ஊரே கும்பிட்டது. அமாவாசைப் படகில் நீங்கள் இறங்குங்கள், நான் ஏறுகிறேன்.

சோ யின்


பகோக்கு, கடை
தோதலின் மாதம், வளர்பிறையில்

அன்புள்ள சோ யின்,

துறையில் என் கையில் சாவியைத் திணித்துவிட்டு, "பால் பொங்கும், பாத்துக்குங்க" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிப் படகில் ஏறினாய். திரும்பிப் பார்ப்பாய் என்று மழையில் நின்றேன். நீ பார்க்கவில்லை.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்குத் தைரியம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் பாதி பழகினவன், ஒரு டீக்கடை எந்த மூலைக்கு என்றுதான் வந்தேன். முதல் நாள் காலை அடுப்பிலிருந்து முன்மேசைக்குக் கோப்பையோடு நடந்தேன். தூக்குகிறேன், நகர்த்துகிறேன், வைக்கிறேன். கடை முழுவதும் பேச்சை நிறுத்திவிட்டு என் காலையே பார்த்தது. உ மியா வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, டீ வர்றதுக்குள்ள எனக்கு நிர்வாணமே கெடச்சிரும் போலிருக்கே!" என்றார். சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிற கோ ஸாவ் எழுந்து வந்து அவர் கோப்பையை அவரே எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குள் உள்ளே ஒரு வாசனை வந்தது. நான் நின்ற இடத்திலேயே கண்ணை மூடி, "முகர்கிறேன், முகர்கிறேன்" என்று பார்த்தேன். நல்ல கவனம். எங்கிருந்து ஆரம்பிக்கிறது, எப்படிக் கனக்கிறது என்றுகூடப் பார்த்தேன். ந்வே உள்ளேயிருந்து கத்தினாள்: "அத்தான்! மோந்துக்கிட்டே நிக்காதீங்க, பால் தீயுது!" ஒரு பானைப் பாலும் அடிபிடித்துவிட்டது.

மூன்றாம் நாள் நில அளவை எழுத்தர் வந்தார். கலந்து கொடுத்ததைக் குடித்துவிட்டு, "மலைக்குப் போய் இனிப்பையும் விட்டுட்டியா?" என்றார். தலைக்கு ஏறிவிட்டது. மேசையில் இருந்த கோப்பையை எடுத்தேன். எடுக்கும்போதே பழக்கதோஷத்தில் மனசு, "தூக்குகிறேன்" என்றது. அப்புறம் என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. கோப்பை தலைக்குமேல் நிற்கிறது, நான் நிற்கிறேன், எழுத்தர் மேசைக்கு அடியில் இருக்கிறார். "வைக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கடையே கைதட்டியது. கோபம் போகவில்லை, சாயங்காலம்வரை காதில் இரைந்தது. ஆனால் கோப்பை முழுசாக இருக்கிறது.

உன் சவாலில் நான் இன்னும் தோற்கவில்லை. முழங்கால் வலித்தால் சுவரோரமாக உட்கார்.

உன்
ஓன் மௌங்


சகாயிங் மலை
தோதலின் மாதப் பௌர்ணமி

என் வீட்டுக்காரருக்கு,

சோ யின் எழுதுவது. உங்கள் கடிதத்தை இங்குள்ள பெண்துறவி தாவ் ஸந்தா பூட்டி வைத்திருந்து இன்றுதான் கொடுத்தார். மேசைக்கு அடியில் எழுத்தர் என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. மௌன மண்டபத்தில் சிரித்ததில் நான்தான் முதல் ஆளாம்.

முழங்காலைப் பற்றிக் கேட்காதீர்கள். அது என்னுடையது இல்லை என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஸயாதோவிடம் போய், "சாமி, கண்ண மூடினா கடைதான் தெரியுது. சக்கரை டப்பா காலி, கரி தீந்துபோச்சு, அதுதான் ஓடுது" என்றேன். "கடை வந்தா கடையப் பாரு தாயே. வேற எதையும் தேடாத" என்றார். சரி, நமக்குத் தெரிந்த வேலைதானே என்று பார்த்தேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருநாள் சமையல்கட்டில் யாரோ கோப்பையைக் கொஞ்சம் ஓசையோடு வைத்தார்கள். என் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டது. நான் "கேட்கிறேன்" என்று சொல்லுமுன் உடம்பு தயாராகிவிட்டது. எதற்கு? நீங்கள்தான் இங்கே இல்லையே. நாலு நாள் இதையே பார்த்தேன். பார்த்துச் சொல்கிறேன்: எனக்கு உங்கள் கையைக் கண்டு பயம். நீங்கள் என்மேல் ஒருநாளும் வீசியதில்லை, அது தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவை கோப்பை மேசையில் படும்போதும் நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். அது பயம் என்றே எனக்குத் தெரியாது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. உங்களுக்குப் பட்டாணி, எனக்கு இது. பார்த்த அன்று நன்றாக அழுதேன், அப்புறம் நன்றாகத் தூங்கினேன். இப்போது காலையில் யாரும் என்னைக் கூப்பிடாத நேரத்தில் மூங்கில் மேடையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கிறேன். படகுகள் போகின்றன. எனக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் ஏன் திரும்பி வர மாட்டேன் என்றீர்கள் என்று புரிகிறது. அது பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனாலும் கோபம் முழுதாகப் போகவில்லை, கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

ந்வேக்குச் சளி பிடித்தால் இஞ்சி வைத்துக் கொடுங்கள்.

சோ யின்


பகோக்கு, கடை
தோதலின் மாதம், தேய்பிறையில்

அன்புள்ள சோ யின்,

உன் கடிதத்தைக் கல்லாவில் வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க அதன்பக்கம் போகவில்லை. அன்று நான் கோப்பைகளை எப்படி வைத்தேன் என்று கேட்டால் ந்வே சொல்வாள். "என்ன அத்தான், கோப்பைக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றாள்.

எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேறு நல்ல வார்த்தை தெரியவில்லை.

இன்னொரு விஷயம் எழுத வேண்டும். நேற்றுக் காலை கூட்டம் குறைந்தபின் ந்வே சொன்னாள்: "அத்தான், அக்கா படகவிட்டு எறங்கினதும் மொத டீய நான்தான் கொண்டுபோவேன். எப்படிக் கலக்கணும், இப்பவே சொல்லிக் குடுங்க."

நான் கரண்டியை எடுத்தேன். உ மியா வாத்தியாருக்கு டிகாஷன் கடுக்க வேண்டும், பால் பேருக்கு. கோ ஸாவுக்கு டப்பாக் கெட்டிப்பால் அடியில் தங்கும்படி, கலக்காமல். எழுத்தருக்குப் பாயசம் மாதிரி. வாரம் ஒருமுறை வருகிற தபால்காரருக்கு, ஒரு தடவை மட்டும் வந்து போன மோன்யுவா வியாபாரிக்கு, எல்லோருக்கும் கை தானாகப் போகும். உனக்கு என்றதும் கை நின்றுவிட்டது சோ யின். கரண்டி டப்பாமேலேயே நிற்கிறது. கடுப்பமா, இனிப்பா, பால் தூக்கலா, ஆடை வேண்டுமா வேண்டாமா? எனக்குத் தெரியவில்லை.

"உங்க அக்கா எப்படிக் குடிப்பா?" என்று அவளையே கேட்டேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்காவுக்குன்னு எங்க கலக்கினீங்க? நீங்க தப்பாக் கலக்கினதா திரும்பி வருமில்ல, சக்கரை ஜாஸ்தி, ஆறிப்போச்சு, ஈ விழுந்துச்சுன்னு, அதத்தான் பின்பக்கம் நின்னுக்கிட்டே குடிக்கும். வீணாக்கக் கூடாதேன்னு. நீங்க பாத்ததே இல்லையா?"

பார்த்திருக்கிறேன். நீ பின்கதவுப் பக்கம் கோப்பையோடு நிற்பதை ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறேன். என்ன குடிக்கிறாய் என்று பார்க்கவில்லை. திரும்பி வந்த கோப்பைக்காக நான் வாடிக்கையாளரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன், நீ அங்கே அதைக் குடித்து முடித்திருப்பாய். கல்யாணமான நாளிலிருந்து என் தப்பையெல்லாம் குடித்தவள் நீ. உன்னைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை என்று மலையிலிருந்து எழுதினேனே, அந்தக் கையை என்ன செய்வது!

அழுதேன். கடை நடுவில், பகலில். கோ ஸாவும் எனக்குக் கிராம்பு கொடுத்தார். இந்த நாட்டில் ஆம்பிளை அழுதால் பல்வலிதான் போலிருக்கிறது.

துவராடை ஆசை போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மலையை நினைத்தால் இன்னும் இழுக்கிறது. ஆனால் இது தெரியாமல் நான் எங்கும் போக முடியாது. அதனால் கேட்கிறேன், பதில் எழுது: உனக்கு எப்படிப்பட்ட டீ பிடிக்கும்?

உன்
ஓன் மௌங்


சகாயிங் மலை
தோதலின் மாத அமாவாசை

அன்புள்ள ஓன் மௌங்,

பேர் சொல்லி எழுதுகிறேன். மடத்தில் எல்லோரும் யோகிதான், புருஷன் பெண்டாட்டி கிடையாது என்று தாவ் ஸந்தா சொன்னார். வந்ததும் பழையபடி மரியாதை கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் தெரியாது. நிஜமாகத்தான். போன வாரம் ஒரு பெரிய வீட்டுக்காரர்கள் காலையில் யோகிகள் எல்லோருக்கும் டீ தானம் செய்தார்கள். ஒரு பெண் கெட்டிலோடு வந்து, "அக்கா, ஸ்ட்ராங்காவா, இனிப்பாவா?" என்றாள். நான் வாயைத் திறந்தபடி நிற்கிறேன். டீக்கடைக்காரி! எனக்குப் பின்னால் வரிசையே நின்றுவிட்டது. "மிஞ்சினது எதுவோ அது" என்றேன். அவள், "இப்பதானே அக்கா ஆரம்பிச்சிருக்கேன், மிஞ்ச ஒண்ணும் இல்லையே" என்றாள். சரியான பெண்.

உங்கள் கடிதம் வந்தபோது அதை நினைத்துத்தான் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வேறாகிவிட்டது. உங்களை மட்டும் சொல்வது நியாயம் இல்லை. நானும் என்னை ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

இப்போது நீங்கள் கேட்டது. கீழே இருக்கிற வரியை ஸயாதோவிடம் காட்டலாம், செல்லும்.

என் கணவர் ஓன் மௌங் வாழ்நாள் முழுதும் துவராடை உடுத்த, அவர் மனைவி சோ யின் முழு மனதோடு சம்மதிக்கிறேன்.

கோபத்தில் எழுதவில்லை. பயத்திலும் எழுதவில்லை, எழுதும்போது தோள் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன், கீழேதான் இருந்தது. தடிஞ்சூட்வரை காத்திருந்து உங்களைக் கெஞ்சவிட்டுக் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிக் கொடுத்தால் அது விலை பேசுகிற மாதிரி ஆகிவிடும். நீங்கள் போனால் எனக்கு வலிக்கும். ஊர் என்னைப் பாக்கியசாலி என்று சொல்லும், நான் பின்கதவுப் பக்கம் போய் அழுவேன். அதற்காகப் பிடித்துவைத்த மனுஷனோடு இருக்க எனக்கு இஷ்டம் இல்லை. போவதானால் போங்கள். இருப்பதானால், நானாகத்தான் இருக்கிறேன் என்று இருங்கள்.

தடிஞ்சூட் பௌர்ணமியன்று காலைப் படகில் வருகிறேன். நேராக உள்ளே வர மாட்டேன். தெருவைப் பார்த்த முன்மேசையில் உட்காருவேன், இந்தக் கடைக்கு முதல் தடவை வருகிறவளாக. அந்த மேசையில் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் கடை எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

சோ யின்


பகோக்கு, கடை
தடிஞ்சூட் மாதம், வளர்பிறையில்

அன்புள்ள சோ யின்,

படகுக்காரர் அவசரப்படுத்துகிறார், சுருக்கமாக எழுதுகிறேன்.

சம்மதம் கிடைத்தது. அந்த வரியைப் படித்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. "பயம், பயம்" என்று பார்த்தேன். கேட்டது கிடைத்துவிட்டால், வேறு யாரையும் காரணம் சொல்ல முடியாதே. நாள் முழுக்க அடுப்படியில் நின்று யோசித்தேன். பால் பொங்கவில்லை.

ஸயாதோவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். இந்த வருஷம் வரவில்லை. அடுத்த வருஷம் என்ன என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன். யாரும் பிடித்துவைக்கவில்லை. நானாகத்தான் இருக்கிறேன்.

முன்மேசையின் ஆடுகிற காலுக்கு அட்டை வைத்தாயிற்று. உ மியா வாத்தியாரும் கோ ஸாவும் அன்று விடிந்ததிலிருந்தே வந்து உட்காரப்போகிறார்களாம். "நாங்க பாக்கணும்ப்பா" என்கிறார்கள். விரட்டினால் போக மாட்டார்கள், தெரியும்தானே. ந்வே கோப்பை கொண்டுவருவதாக இருந்தாள். நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் வருவேன், ஆறிப்போகாது.

முதலில் ஒன்று கலக்குகிறேன், பாதிக் கடுப்பம், பாதி இனிப்பு. குத்துமதிப்புதான். வாயில் வைத்துப் பார். பிடிக்கவில்லை என்றால் குடிக்காதே. திருப்பி அனுப்பு. இன்னொன்று கலக்கிக் கொண்டுவருகிறேன்.

உன்
ஓன் மௌங்